வாரத்துக்கு இரண்டு போன்!

1988-ம் ஆண்டு. இத்தாலியின் வடகிழக்கு மூலை. தண்ணீர் வீதிகளில் படகு ஓடும் வெனிஸ் நகரம் இருக்கிறதே, அதைத் தலைநகராகக் கொண்ட வெனேட்டோ மாநிலம். அங்கே தனிமையிலும் நோயிலும் வாடிய முதியவர்களுக்கு ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார்கள். வழுக்கி விழுந்தாலோ, நடுராத்திரியில் நெஞ்சு வலித்தாலோ அதை அமுக்கினால் போதும், உதவி மையத்துக்குத் தகவல் போய்விடும்.

இதில் பெரிய அதிசயம் இல்லை. கூடவே வந்த இன்னொரு ஏற்பாடுதான் விசேஷம். அமுக்காவிட்டாலும், மையத்திலிருந்து வாரத்துக்குச் சராசரியாக இரண்டு முறை போன் வரும்! நம்ம ஊர் பாஷையில் சொன்னால், 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டாச்சா, முழங்கால் வலி தேவலையா?' ரகப் பேச்சு. ஆனால், பேசியவர்கள் பயிற்சி பெற்றவர்கள். முதுமையில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. பசியில்லை, தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி என்று மாறுவேடத்தில் வரும். நாமும் 'வயசானா அப்படித்தான்' என்று நகர்ந்துவிடுவோம். கவனித்தால் மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய் அது!

மனித உறவுக்கும் தற்கொலைக்கும் தொடர்பு உண்டு என்பது பழைய சங்கதி. 1897-லேயே பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் மரணக் கணக்குகளைக் குடைந்து அதைப் புத்தகமாக எழுதிவிட்டார். சரி, உறவே இல்லாதவருக்கு உறவை எங்கே போய் வாங்குவது? டெலிபோன் அந்த இடத்தை நிரப்புமா? பதுவா நகரின் மனநல மருத்துவர் தியேகோ தெ லியோவும் அவருடைய சகாக்களும் இந்தத் திட்டத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1998 வரை 11 ஆண்டுகள். மொத்தம் 18,641 பேர். சராசரி வயது 80!

அந்த மாநிலத்து முதியவர்களின் பொதுவான தற்கொலைக் கணக்குப்படி, இத்தனை பேரில் சுமார் 21 பேர் உயிரை மாய்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது 6! இத்தனைக்கும் இவர்கள் மற்றவர்களைவிட அதிக ஆபத்தில் இருந்தவர்கள். 'உதவியை ஏற்கிற சுபாவம் உள்ளவர்கள்தானே இதில் சேர்ந்திருப்பார்கள்?' என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்விதான். அப்படிக் கழித்தாலும் இந்த வித்தியாசத்தை என்னால் சுலபமாக ஒதுக்க முடியவில்லை.

ஆனால், ஒரு நெருடல். பலன் தெளிவாகத் தெரிந்தது பெண்களிடம் மட்டும்தான். ஆண்களிடம் எடுபட்டதாகச் சொல்ல முடியவில்லை. சேர்ந்தவர்களிலேயே ஆண்கள் ஆறில் ஒருவர்தான். நமக்குத் தெரியாத கதையா? ஊருக்கு போன் போட்டால், 'நல்லாருக்கேன்... இரு, அம்மாகிட்ட தரேன்' என்று ரிசீவரைக் கைமாற்றிவிடுகிற அப்பாக்கள்தானே நம் வீடுகளிலும்? அம்மா காலமான பிறகு அவர் யாரிடம் தருவார்?

2021 முதல் நம் நாட்டிலும் முதியோருக்கென்றே 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. மனம் உடைந்து தவிப்பவர்களுக்கு 2022-லிருந்து 14416, இரவு பகல் எந்நேரமும். இரண்டுமே நல்ல ஏற்பாடுகள், குறித்து வையுங்கள். ஒரு வித்தியாசம்தான், இங்கே கூப்பிட வேண்டியவர் அவர். வெனேட்டோவில், கூப்பிடாதவருக்கும் போன் வந்தது.