அறிவொளித் தொண்டர்

அறிவொளித் தொண்டர் என்போர், 1990களில் தமிழ்நாட்டில் நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுத்தறியாப் பெரியவர்களுக்கு ஊதியம் பெறாமல் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். ஊரிலேயே ஓரளவு படித்திருந்த இளைஞர்களும் பெண்களும் இவர்களில் மிகுதி. கற்பவரைத் தமக்கு நிகராக மதிப்பதே இவர்களின் தலையாய பண்பு. படிப்புத் தகுதி அதற்கு அடுத்ததே.

முன்வரலாறு

தொண்டர்களைக் கொண்டு எழுத்தறிவு பரப்பும் முறைக்குக் கியூபா பெரும் முன்னோடி. 1961இல் அங்கே சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் நாட்டுப்புறங்களுக்குப் போனார்கள். உழவர் வீடுகளில் தங்கிப் பகலில் வயல்வேலை செய்தார்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாடம் நடத்தினார்கள். ஓராண்டுக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத்தறிவு பெற்றனர். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் கல்வியாளர் பாவ்லோ பிரேயிரே, உழைப்பாளர்களின் அன்றாடச் சொற்களிலிருந்தே சுமார் 300 பேருக்குப் பாடம் தொடங்கினார். மறு ஆண்டு நடந்த இராணுவப் புரட்சி அவரைச் சிறைக்கும் பிறகு அயல்நாட்டுக்கும் அனுப்பியது.

இந்தியாவில் தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கியது. 15 முதல் 35 வயதுக்குட்பட்டோர் அதன் இலக்கு. 1989இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகமும் மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் சேர்ந்து நடத்திய இயக்கத்தில் ஏறத்தாழ 20,000 தொண்டர்கள் இறங்கினர்; 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வழியைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் அறிவொளி இயக்கமாக இங்கே கொண்டுவந்தனர். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டம் இதில் தனிப்பெயர் பெற்றது. அங்கே எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. கல்குவாரித் தொழிலாளர்கள் உட்படப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர்.

பண்புகள்

வகுப்பு நடந்தது வயல்வேலையும் சமையலும் முடிந்த பிறகு. ஆகவே முதலில் வேண்டியது நேரம் தவறாமை. தொண்டர் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் பாதிப்பேர் வரமாட்டார்கள். கற்பவர் வராதபோது வீட்டுக்கே போய் விசாரிப்பவரின் வகுப்புதான் நிலைத்தது.

அடுத்தது, தலையாய பண்பான மரியாதை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்குப் பேனா பிடிபட நாளாகும். "அக்கா", "பெரியம்மா" என்று அழைத்து, பிழையைப் பலர் முன் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்து திருத்துபவரே நல்ல தொண்டர். கண் மங்கியவரை விளக்கருகே உட்காரவைப்பதும், கூலிக் கணக்கையும் ரேஷன் அட்டையையும் பாடமாக்குவதும் இந்த மதிப்பிலிருந்தே வருபவை.

மூன்றாவது, சாதி பாராமை. எந்தத் தெருவிலும் பாயில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிப்பவரையே மக்கள் நம்பினர். பாடவும் நாடகம் போடவும் தெரிந்திருப்பது கூடுதல் பலம். கலைப்பயணங்கள் வழியாகவே இயக்கம் பல ஊர்களை எட்டியது. ஊதியம் இல்லாமையும் இத்தொண்டுக்கு வலுச் சேர்த்தது. சம்பளத்துக்கு வருபவரிடம் பெரியவர்கள் இவ்வளவு மனம்விட்டுப் பழகியிருக்க மாட்டார்கள்.

இன்றைய நிலை

அறிவொளி இயக்கத்தின் முனைப்பான கட்டம் முடிந்ததும், தொடர்ந்து படிக்க வாய்ப்பில்லாத பலர் கற்றதை மறந்தனர். 2009இல் தொடங்கி 2018 வரை நடந்த சாக்ஷர் பாரத் திட்டம் தன்னார்வலர்களை நம்பியே இயங்கியது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் அவ்வாறே அமைந்தது.