இலவச இணைப்பாக வந்த விளம்பரம்

வாரப் பத்திரிகையோடு ஷாம்பு பாக்கெட் ஒட்டி வருமே, அதற்குப் பெயர் இலவச இணைப்பு. வேண்டாம் என்றால் பிய்த்துப் போட்டுவிடலாம். கணினியிலும் அப்படி ஒரு இலவச இணைப்பு உண்டு, ஆனால் சுலபத்தில் பிய்க்க முடியாது. ஆட்வேர் என்கிற அந்த விளம்பர மென்பொருளின் கதைதான் இந்தப் பதிவு.

எங்கள் குருவிகுளம் பக்கம் கணினியில் எது கெட்டாலும் "வைரஸ் வந்துருச்சு" என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை மக்களே. வைரஸ் சொல்லாமல் வரும். ஆட்வேர் பெரும்பாலும் நம்மிடம் கேட்டுவிட்டு வரும். இதன் வரலாறே இந்தக் "கேட்டுவிட்டு" என்ற சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது.

1990களின் கடைசியில், மென்பொருளை இலவசமாகக் கொடுத்தவர்களும் எப்படியாவது காசு பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஆரியேட் என்ற நிறுவனம், விளம்பரம் காட்டும் ஒரு சிறு நிரலைத் தயாரித்துக் கொடுத்தது. அதை உள்ளே வைத்தால் விளம்பர வருமானம் கிடைக்கும். வந்த மென்பொருளை நீக்கினாலும், கூட வந்த நிரல் போகாமல் தங்கிவிடும். இதைக் கவனித்த ஸ்டீவ் கிப்சன் என்ற நிரலாளர், 2000ல் 'ஆப்ட்அவுட்' என்ற நீக்கும் கருவியை எழுதி இலவசமாகவே கொடுத்தார். ஆட்அவேர், ஸ்பைபாட் போன்றவை பிரபலமானதும் இதே காலத்தில்தான்.

இந்தக் கதையின் பெரிய வில்லன் கேட்டர். (தமிழ்க் 'கேட்டல்' இல்லை, அலிகேட்டர்! முதலை படம்தான் சின்னம் :-)) கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும் உதவியாளனாக அது உள்ளே வரும். காஸா போன்ற பாட்டு இறக்கும் மென்பொருள்களோடும் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு நாம் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் அதன் மேலேயே தன் விளம்பரத்தை விரிக்கும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை! கடுப்பான வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பத்திரிகை நிறுவனங்கள் 2002ல் வழக்குப் போட்டன. 2003ல் சமரசமாக முடிந்தது. அதே ஆண்டு கேட்டர் தன் பெயரை 'கிளாரியா' என்று மாற்றிக்கொண்டது. அந்த ஒரே ஆண்டில் அதன் வருமானம் சுமார் 9 கோடி டாலர். யார் குற்றம் சொன்னாலும் அவர்கள் கொடுத்த பதில் ஒன்றுதான்: "பயனர் சம்மதித்துத்தானே நிறுவினார்?" கடைசியில் 2006ல் அந்தத் தொழிலையே விட்டார்கள். அதே ஆண்டு ஜாங்கோ என்ற இன்னொரு நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சம்மதத்தை ஒழுங்காக வாங்கவில்லை என்பதுதான் அவர்கள் மேல் இருந்த புகார்.

இந்தக் கூத்து நடந்தபோது நம் கிராமங்களில் வீட்டுக் கணினி அபூர்வம். நகரங்களில் டயல்அப்பில் நிமிடக் கணக்குக்குக் காசு கட்டியவர்கள், யாரோ ஒருவருடைய விளம்பரம் இறங்குவதற்கும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

நம் பக்கம் நிலைமை மாறியது 2011 செப்டம்பர் 15க்குப் பிறகு. அன்றுதான் முதல்வர் ஜெயலலிதா, அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி. வீட்டில் மூத்தவர்கள் யாருக்கும் கணினி தெரியாது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைதான் நிபுணர்! எதை நிறுவினாலும் ஆங்கிலத்தில் நீளமாக ஓர் ஒப்பந்தம் வரும், கீழே 'நெக்ஸ்ட்' பொத்தான் இருக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். முடிந்தது. மறுநாள் உலாவியைத் திறந்தால் முகப்புப் பக்கமே வேறு.

2017 ஜூனில் செக்பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'ஃபயர்பால்' பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்கின் ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம், இலவச மென்பொருள்களோடு இதை ஒட்டி அனுப்பியதாம். உலகெங்கும் 25 கோடி கணினிகளில் புகுந்திருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். நாடுகள் வரிசையில் முதலிடம் யாருக்கு? இந்தியாவுக்குத்தான், 2 கோடியே 53 லட்சம். இது மிகைக் கணக்கு என்று மைக்ரோசாஃப்ட் அதே மாதம் மறுத்தது. எண்ணிக்கையில் எனக்கும் சந்தேகம்தான், ஆனால் போலித் தேடுபொறியை முகப்பில் உட்கார வைத்த வேலையில் சந்தேகமில்லை.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? கணினியின் உரிமையாளர் அல்லது அதன் பொறுப்பாளருடைய அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதும், கெடுதல் செய்யும் நிரலைப் புகுத்துவதும் தவறு. ஆக, எல்லாம் அனுமதியில் வந்து நிற்கிறது. அப்பா பெயரில் வாங்கிய கணினியில், அவருக்குப் புரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்துக்கு, பதினாறு வயதுப் பையன் நெக்ஸ்ட் அழுத்தினால் அதை அனுமதி என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும்போதுகூட படித்துக் காட்டுவார்கள். இங்கே அந்த மரியாதையும் கிடையாது.

சரி, ஏற்கெனவே வந்துவிட்டதா? கண்ட்ரோல் பேனலில் நிறுவிய தேதிப்படி மென்பொருள்களை வரிசைப்படுத்துங்கள். தொல்லை ஆரம்பித்த நாளில் வந்தவற்றைப் பார்த்து, நீங்கள் கேட்காததை நீக்குங்கள். அடுத்து உலாவியின் நீட்சிகள், முகப்புப் பக்கம், தேடுபொறி. அப்புறமும் பழைய பக்கமே வந்தால், டெஸ்க்டாப்பில் உள்ள உலாவிக் குறுவழியின் பண்புகளைத் திறந்து, 'டார்கெட்' வரியின் கடைசியில் ஏதாவது தள முகவரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். அதற்கும் மசியவில்லை என்றால் ஆட்வ்கிளீனர் இருக்கிறது, இலவசம்தான். அதை மட்டும் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள், வேறு தளத்தில் எடுத்தால் அதோடும் ஒரு இலவச இணைப்பு வரலாம் :-)