கரிய மணலும் கிற்றார் நாதமும்

புல்மோட்டை என்றதும் நினைவுக்கு வருவது கரிய மணல். திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அக்கரையில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள் கலந்து கிடக்கின்றன. 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பின்னர் அம்மணல் ஜப்பான் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறியது. போர்க்காலத்தில், 1997 செப்டெம்பரில், இல்மனைட் ஏற்ற வந்த 'கோர்டியாலிட்டி' கப்பல் இக்கரையருகே தாக்கப்பட்டது.

இந்த மணலுக்கும் மின் கிற்றாருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இல்மனைட்டில் பெரும்பகுதி பெயின்ற்றுக்கான வெள்ளைப் பொடியாகிறது. ரூட்டைல் என்பது தைத்தேனியத்தின் ஒட்சைட்டு. மின்சுற்றுக்களில் அரிசிமணியளவில் அமரும் பீங்கான் கொள்ளளவிகள் அப்பொருளின் வழிவந்தவை. ஜப்பானிய இசைக்கருவிகளின் வயிற்றைத் திறந்தால் அவை வரிசையாய்த் தெரியும்.

அக்கருவிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசுகிறேன். கிற்றார்க் கம்பியின் அதிர்வு காந்தச் சுருளில் மின்னாகிறது. அதை ஒலிபெருக்கிக்கு விடுமுன் மாற்றியமைக்கும் ஆசை பழையது. 1962இல் அமெரிக்காவில் 'மேஸ்ட்ரோ' என்ற பெயரில் கரகரப்பூட்டும் மிதிபெட்டி வந்தது. 1976இல் ஜப்பானின் 'போஸ்' நிறுவனம், ஒரு கிற்றாரைப் பல கிற்றார்களாய் ஒலிக்கச் செய்யும் 'கோரஸ்' பெட்டியைத் தந்தது. ஒவ்வொரு நாதத்துக்கும் ஒரு பெட்டி என்பதால் செலவும் சுமையும் மிகுந்தன. 1988இல் அதே நிறுவனத்தின் 'எம்.ஈ.-5', பல நாதங்களை ஒரே பலகையில் அடக்கியது. 1996இல் வந்த 'ஸூம் 505' கைப்பையில் அடங்கியது.

நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், திருகோணமலையின் பரமேஸ் முதலியோர் வளர்த்த தமிழ்ப் பொப் இசையின் முதற்பருவம் இப்பெட்டிகளுக்கு முந்தியது. அவர்களது கிற்றார் பெரும்பாலும் தன் சொந்தக் குரலிலேயே பேசியது. பின்வந்த வாத்தியக்காரரோ பல குரல்களைக் காலடியில் வைத்திருந்தார்.

பழைய பெட்டியைக் கையாள்வோர் சிலவற்றை அறிதல் வேண்டும். 9 வோல்ற் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. மின்செருகியின் நடுமுனை நேரா எதிரா என்று பார்க்க வேண்டும். மாறினால் பெட்டி எரியக்கூடும். கரகரப்பு முன்னும் எதிரொலி பின்னும் வருவதே வழமை. மாறி வைத்தால் எதிரொலிகளெல்லாம் சேர்ந்து நசுங்கி இரைச்சலாகும். எதிரொலியை 0.3 செக்கனுக்கு வைப்பது, சுமார் 51 மீற்றர் தூரத்துச் சுவரைப் பார்த்துக் கூவுவதற்குச் சமம். வேகமான பாட்டில் அந்தச் சுவரைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். பல பழைய பெட்டிகளில் ஒரு நாதத்திலிருந்து மற்றதற்குத் தாவும்போது கண்ணிமைப் பொழுது ஒலி அறும். ஆதலால் தேர்ந்த வாத்தியக்காரர் பாட்டின் மூச்சு முடியும் இடத்திலேயே மிதிப்பார். கருவியின் குறை அவருக்குத் தாள ஒழுக்கத்தைக் கற்பித்தது.

ஆனால் என் கவலை வேறு. அக்காலப் பெட்டிகள் பலவற்றில், வாத்தியக்காரர் தாமே அமைத்த நாதங்களைக் காப்பது காசளவான ஒரு சிறிய பற்றரி. அது சில ஆண்டுகளில், அல்லது பல ஆண்டுகளில் ஓயும். தொழிற்சாலை கொடுத்த நாதங்களை மீட்கலாம். ஒருவர் இரவிரவாய்த் தேடிக்கண்ட நாதம் மீளாது. இடப்பெயர்வுகளில் ஒலிநாடாக்களையும் படங்களையும் இழந்த கிழக்கு மாகாணத்தில், இதுவும் ஓர் இழப்பாக எவரும் கணக்கிடாத இழப்பு.

எனவே பழைய பெட்டி வைத்திருப்போரிடம் என் வேண்டுகோள் சிறியது. பற்றரியை மாற்றுமுன் ஒவ்வொரு நாதத்தின் எண்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தப் பாட்டுக்கு, எந்த மேடையில் அமைத்தது என்றும் குறியுங்கள். வருங்காலத்தில் நம் இசையின் வரலாற்றை எழுத வருபவனுக்குப் பெட்டியைவிட அந்தக் கொப்பியே பெறுமதியாய் இருக்கும்.