வாகூர் வித்தியாத்தானமும் மாணாக்கர் தருக்கமும்

வீராம்பட்டினம் என்ற அளவில் வரலாறு பயில்வோர் நினைவில் எழுவது அதனை அடுத்த அரிக்கமேடேயாம். 1945இல் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நிகழ்த்திய அகழாய்வுகள் அவ்விடத்தின் கடல்வாணிகச் சிறப்பைப் புலப்படுத்தின. மணிகளும் மதுச்சாடிகளும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் ஆராயப்பெற்ற அளவிற்கு, இச்சூழலில் பிற்காலத்தே தழைத்த கல்விநிலையங்கள் ஆராயப்பெறவில்லை. வீராம்பட்டினத்திற்குத் தெற்கே வாகூரும், வடமேற்கே வில்லியனூருக்கு அப்பால் திரிபுவனையும் உள. இவ்விரண்டும் மாணாக்கர் பலர் கூடிப் பயின்ற இடங்கள் என்பதற்குச் செப்பேடும் கல்வெட்டும் சான்றாகும். அம்மாணாக்கர் ஓதியதோடு அமைந்தனரோ, தாமே பொருளாய்ந்து அவைமுன் எடுத்துரைத்துத் தருக்கமும் செய்தனரோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா.

முதற்கண் சான்றுகளை நோக்குவாம். பல்லவ வேந்தன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எழுந்தது வாகூர்ச் செப்பேடு. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் வாகூர் வித்தியாத்தானத்திற்கு அளிக்கப்பெற்றமையை அது கூறுகின்றது. திரிபுவனைக் கல்வெட்டோ முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டினது, அஃதாவது கி.பி. 1048. ஆண்டிற்கு 12,000 கலம் நெல் விளையும் 72 வேலி நிலத்தால் 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் புரக்கப்பெற்றனர். அன்னோர் ஊர்வாரியப் பணிகளினின்றும் விலக்கப்பெற்றனர் என்பதும் அறியத்தக்கது. கல்விக்கு நெல் மட்டுமன்றி ஓய்ந்த காலமும் வேண்டும் என்பதை ஊரவை உணர்ந்திருந்தது என்க.

இவற்றோடு விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டையும் ஒப்பிடல் வேண்டும். ஆண்டுப் பயின்ற 340 மாணாக்கருள் 270 பேர் இளநிலையினர்; எஞ்சிய 70 பேர் முதுநிலையினர். முதுநிலையினருள் வியாகரணம் பயின்றோர் 25 பேர். பிரபாகர மீமாஞ்சை பயின்றோர் 35 பேர். வேதாந்தம் பயின்றோர் 10 பேர். இளையோர்க்கு நாளொன்றிற்கு 6 நாழி நெல்லும், மூத்தோர்க்கு 1 குறுணி 2 நாழி நெல்லும் அளிக்கப்பெற்றன.

இக்கல்வெட்டுகள் படியளவு கூறுகின்றனவேயன்றிப் பயிற்சிமுறை கூறவில்லை. ஆகலின் இவை மனப்பாடப் பள்ளிகளே என்று கொள்வாரும் உளர். இளநிலையினர் பெரும்பாலும் வேதம் ஓதினோர் ஆதலின், அவரளவில் அக்கூற்றுப் பொருந்தும். முதுநிலையினர்க்கு அது பொருந்துமாறு இல்லை. மீமாஞ்சை நூல் ஒவ்வொரு பொருளையும் எடுத்துக்கொண்டு, ஐயம் எழுப்பி, எதிர்ப்பக்கத்தை முழு வலிவோடு நிறுத்தி, அதற்கு விடைகூறி, முடிபு காண்பது. எதிர்ப்பக்கம் பேச ஒருவரும் அதனை மறுக்க ஒருவரும் இன்றி அந்நூலைப் பயில்வது, எதிராளி இன்றி மற்போர் கற்பதனை ஒக்கும். முப்பத்தைவர் ஓரிடத்திருந்து அதனைப் பயின்றனர் எனின், அவர்தம்முள் சொற்போர் நிகழ்ந்தது என்று துணிதல் தவறாகாது.

இத்துணிபிற்குத் தமிழ்நூல் வழியும் அரண் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய நன்னூல், மாணாக்கன் புலமை நிரம்பும் வகையைக் கூறிட்டுக் காட்டுகின்றது. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் அவன் அடைவது காற்கூறே. உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறும் தான் பிறர்க்கு எடுத்துரைக்குங்கால் நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. ஆசிரியர் பங்கினும் எடுத்துரைக்கும் பங்கு இருமடங்கு என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அந்நூலே கூறும் எழுவகை மதங்களோ, பிறர் கொள்கைக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், இருவர் மாறுபட்ட வழி ஒன்றைத் துணிதல் முதலாக, ஆய்வாளன் நிற்கக்கூடிய நிலைகளையெல்லாம் வகுக்கின்றன. நன்னூல் திரிபுவனைக் கல்வெட்டிற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டது என்பது உண்மையே. எனினும் இலக்கணம் வழக்கின் பின்னர்த் தோன்றுவது ஆகலின், அது கூறும் முறை அதற்கு முன்னரே நிலவியது எனக் கோடல் பொருந்தும்.

மாணாக்கர் தம் ஆய்வால் புதுநூல் கண்டதற்கு மெய்கண்டார் மரபு நல்லதோர் எடுத்துக்காட்டு. அருணந்தி சிவாசாரியார் தம் ஆசிரியர் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களை ஓதியதோடு அமைந்திலர். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பதினான்கு கொள்கைகளை நிறுத்தி மறுத்தனர். அவற்றுள் எண்ணாயிரத்து முப்பத்தைவர் பயின்ற பிரபாகரமும் ஒன்று. நாட்டில் பயிலப்பெற்ற கொள்கை எதுவோ, அதுவே தமிழில் எதிர்ப்பக்கமாகவும் வந்து நின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஈண்டு மறைத்தற்கு இயலாத உண்மை ஒன்றுண்டு. வாகூரிலும் திரிபுவனையிலும் ஊர்நிலத்தின் விளைவு பலர் உழைப்பால் வந்தது. கல்வியோ மறையோர்க்கே உரியதாயிற்று. வீராம்பட்டினத்து வலைஞர் மகனுக்கோ, அந்நிலத்தை உழுதவன் மகளுக்கோ அவ்வவையில் இடம் இல்லை. இதற்கு மாறாக, மணிமேகலைக் காப்பியம் கணிகையர் குலத்துப் பிறந்த ஒரு பெண்ணை மாணாக்கியாக நிறுத்துகின்றது. அவள் வஞ்சிமாநகரில் அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகச் சமயவாதியர் பலரையும் அணுகி அவரவர் கொள்கை கேட்கின்றாள். பின்னர் அறவணர்பால் அளவை நூலையே முறையாகப் பயில்கின்றாள். நீலகேசியும் பெண் ஒருத்தியையே வாதியாக்குகின்றது. இவை காப்பியக் கற்பனைகளே ஆயினும், தருக்கம் எல்லார்க்கும் உரியது என்னும் எண்ணம் தமிழில் இருந்தமைக்கு இவையே கரி. கல்வெட்டில் காணும் கல்விநிலையம் குறுகியது. காப்பியத்தில் காணும் அவை விரிந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்காதார் பழந்தமிழ்க் கல்வியை வெறும் புகழ்ச்சியாகவோ வெறும் இகழ்ச்சியாகவோ கூறி ஒழிவர்.

இதுகாறும் கூறியவாற்றான், இவ்வட்டாரத்துக் கல்விநிலையங்களின் முதுநிலை மாணாக்கர் மெய்ப்பொருள் நூல்களைத் தருக்க வாயிலாகப் பயின்றனர் என்பதும், அவ்வாய்ப்புச் சிலர்க்கே கிட்டியது என்பதும் போதரும். இன்று கல்லூரி வாயில் எல்லார்க்கும் திறந்துளது. ஆயினும் இளங்கலை மாணாக்கர்க்கு நாம் அளிப்பது பெரும்பாலும் ஆசிரியர் வழி வரும் காற்கூறே. அவர்தம் ஆய்வை அவையில் உரைப்பித்து, உடன்பயில்வார் வினவ, விடைகூறச் செய்வோமாயின், பவணந்தியார் குறித்த முக்காற்கூறும் அவர்க்கு உரியதாகும். பண்டு நெல்லளந்தோர் பெறாத அவ்வுரிமையை இன்று அவர்தம் வழியினர்க்கு நிரப்புதல் தமிழ்த்துறைகளின் கடன்.