ராபின் சிங்

ராபின் சிங் என்று அறியப்படும் ரவீந்திர ராமநாராயண் சிங் (பிறப்பு: செப்டம்பர் 14, 1963) தமிழ்நாட்டு அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடிய முன்னாள் துடுப்பாட்டக்காரர், பின்னர் பயிற்றுநர். இடக்கை மட்டையாளர், வலக்கை மித வேகப் பந்துவீச்சாளர். ஆயினும் உள்வட்டக் களத்தடுப்பே இவருக்குத் தனிப்பெயர் பெற்றுத் தந்தது. 1999 இல் ஹாமில்ட்டனில் இந்தியாவுக்காக ஒரேயொரு தேர்வுப் போட்டியில் ஆடிய டெல்லி வேகப்பந்து வீச்சாளர் ராபின் சிங் வேறொருவர்.

தொடக்க காலம்

இந்திய வம்சாவளிக் குடும்பத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் டிரினிடாட்டில் பிரின்சஸ் டவுன் என்னும் ஊரில் பிறந்தார். 1980களில் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். கல்லூரி, சங்க ஆட்டங்கள் வழியாகத் தமிழ்நாட்டு அணியில் இடம்பிடித்தார். 1987-88 இல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்ற அணியில் இவரும் ஒருவர். 1954-55 க்குப் பின் மாநிலத்துக்குக் கிடைத்த கோப்பை அது.

இந்தியக் குடியுரிமை பெற்று, 1989 மார்ச் 11 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தம் முதல் ஒருநாள் போட்டியில் ஆடினார். ஆட்டம் நடந்த இடம் போர்ட் ஆஃப் ஸ்பெயின். எந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்தாரோ, அந்த நாட்டின் தலைநகரிலேயே எதிரணி வீரராகக் களமிறங்கினார். அத்தொடரில் இரண்டு ஆட்டங்களே கிடைத்தன. அதன்பின் ஏழு ஆண்டுகளுக்கு மேல் அழைப்பு வரவில்லை.

மீள்வருகை

1996 இல் டைட்டன் கோப்பைத் தொடருக்கு மீண்டும் அழைக்கப்பட்டபோது இவருக்கு வயது 33. பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் அகவையில் இவருடைய பன்னாட்டு ஆட்டவாழ்வு உண்மையில் தொடங்கியது. 2001 ஏப்ரலில் ஆத்திரேலியாவுக்கு எதிரான கடைசி ஆட்டம் வரை 136 ஒருநாள் போட்டிகளில் 2,336 ஓட்டங்களும் 69 இலக்குகளும் எடுத்தார். ஒரே சதம் 1997 இல் இலங்கைக்கு எதிராக அடிக்கப்பட்டது. ஐந்து இலக்குகளை இருமுறை வீழ்த்தினார்: 1997 இல் குவகாத்தியிலும் 1999 உலகக்கிண்ணத்தில் டவுன்டனிலும். இரண்டும் இலங்கைக்கு எதிரானவையே. டவுன்டன் ஆட்டத்தைப் பலரும் கங்குலி (183), திராவிட் (145) ஆகியோருக்காகவே நினைவில் வைத்திருக்கின்றனர். இவர் 31 ஓட்டங்களுக்கு ஐவரை வீழ்த்தியது அதில் மறைந்துபோயிற்று.

1998 சனவரி 18 அன்று டாக்காவில் நடந்த சுதந்திரக் கிண்ண இறுதியாட்டத்தில் பாகிஸ்தான் 48 நிறைவுகளில் 314 ஓட்டங்கள் குவித்தது. அதுவரை எவரும் துரத்தி எட்டாத இலக்கு. வழக்கமாகப் பின்வரிசையில் ஆடும் ராபின் சிங் மூன்றாம் ஆட்டக்காரராக அனுப்பப்பட்டு 82 ஓட்டங்கள் எடுத்தார். கங்குலியுடன் இணைந்து சேர்த்தவை 179. ஒரு பந்து மீதமிருக்க இந்தியா வென்றது.

அதே ஆண்டு அக்டோபரில் ஹராரேயில் சிம்பாப்வேக்கு எதிராக ஒரு தேர்வுப் போட்டியில் ஆடினார். இரு ஆட்டப்பகுதிகளிலும் சேர்த்து 27 ஓட்டங்கள். மறுவாய்ப்பு வரவில்லை. முதல்தர ஆட்டங்கள் 137 இல் ஏறத்தாழ 7,000 ஓட்டங்கள் எடுத்த ஒருவருக்கு இது மிகக் குறைவே.

களத்தடுப்பு

அடிதளப்பந்தாட்டத்தில் உட்களத்தில் நிற்பவருக்குத் தரையோடு வரும் பந்தை அள்ளி உடனே எறிவதே முதன்மைப் பணி. துடுப்பாட்டத்தில் அதற்கு இணையானவர்கள், 30 கஜ வட்டத்துக்குள் நின்று ஒற்றை ஓட்டத்தைத் தடுப்பவர்கள். இந்த ஒப்புமை வெறும் கற்பனையன்று. ஆத்திரேலியத் துடுப்பாட்ட அணி, அடிதளப்பந்தாட்டத்திலிருந்து வந்த மைக் யங்கைக் களத்தடுப்புப் பயிற்றுநராக அமர்த்தியது.

இந்தியாவில் அந்நாளில் பாய்ந்து தடுப்பது அருமை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கட்டாந்தரைத் திடல்களில் ஆடியவர்களுக்குக் காரணம் சொல்லாமலே விளங்கும்: விழுந்தால் முழங்கை தோலுரியும். முப்பது வயதைக் கடந்தும் ராபின் சிங் தயங்காமல் விழுந்தார். இவருடைய கடைசி ஆண்டில்தான் யுவராஜ் சிங் அணிக்கு வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பயிற்றுநராக

19 வயதுக்குட்பட்டோர் இந்திய அணி, 2004 ஆசியக்கிண்ணத்தில் ஆடிய ஹாங்காங் அணி, இந்திய ஏ அணி ஆகியவற்றுக்குப் பயிற்சியளித்தார். 2007 இல் இந்திய அணியின் களத்தடுப்புப் பயிற்றுநரானார். அவ்வாண்டே இந்தியா முதல் இருபது20 உலகக்கிண்ணத்தை வென்றது. அத்தொடரில் பாகிஸ்தானுடனான ஆட்டம் சமனாகி, ஆளில்லா முளைகளை நோக்கிப் பந்தெறிந்து முடிவு காணவேண்டி வந்தது. இதற்கெனப் பயிற்சி செய்திருந்த இந்திய அணி மூன்று எறிகளிலும் முளைகளை வீழ்த்தியது. நாள் செப்டம்பர் 14, இவருடைய பிறந்தநாள்.

2009 அக்டோபரில் இவரும் பந்துவீச்சுப் பயிற்றுநர் வெங்கடேஷ் பிரசாத்தும் அப்பொறுப்புகளிலிருந்து விடுவிக்கப்பட்டனர். இடையே 2008 இல் டெக்கான் சார்ஜர்சின் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அவ்வணி கடைசி இடத்தில் முடிந்தது. 2010 முதல் மும்பை இந்தியன்சில் தலைமைப் பயிற்றுநராகவும் பின்னர் துணைப் பயிற்றுநராகவும் நெடுங்காலம் பணியாற்றினார்.

2020 இல் ஐக்கிய அரபு அமீரகத் துடுப்பாட்டத்தின் இயக்குநரானார். 2022 அக்டோபரில் ஜிலாங்கில் அமீரகம் நமீபியாவை வென்றது. இருபது20 உலகக்கிண்ணத்தில் அந்நாட்டின் முதல் வெற்றி அது. 2023 தொடக்கத்தில் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.