பெண்ணுடலும் வர்க்கமும்: பிரித்தானிய வாக்குரிமைப் போராட்டம் பற்றிய ஒரு குறிப்பு

பெண்ணுடல் போராட்டக் கருவியாதலைப் பற்றி எழுதுவோர், அதனை வர்க்கச் சார்பற்ற பொதுமையான ஒன்றாகவே பெரும்பாலும் நோக்குவர். பிரித்தானியப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இந்நோக்கை மீளாய்வு செய்ய நம்மைத் தூண்டுகின்றது.

1909 யூலையில் லண்டன் ஹொலோவே சிறையில் மரியன் வாலஸ் டன்லொப், தம்மை அரசியற் கைதியாக நடத்தவேண்டுமெனக் கோரி 91 மணித்தியாலம் உணவை மறுத்தார். அரசு அவரை விடுவித்தது. ஏனையோரும் அவ்வழியைப் பின்பற்றவே, அவ்வாண்டு செப்டெம்பரிற் கட்டாய உணவூட்டல் தொடங்கிற்று. கைதியை அழுத்திப் பிடித்து, மூக்கு அல்லது வாய் வழியாகக் குழாயை இரைப்பைக்குட் செலுத்தித் திரவ உணவை ஊற்றுவதே அம்முறை. வாக்கற்ற பெண்ணிடம் எஞ்சியிருந்த உடலின்மீதும் தனக்கே அதிகாரம் உண்டென அரசு நிறுவ முற்பட்டது.

ஆயின் அவ்வதிகாரம் எல்லோர்மீதும் ஒரே வகையிற் செயற்படவில்லை. பிரபு குடும்பத்தவரான கொன்ஸ்ரன்ஸ் லிற்றன் 1909 ஒக்டோபரில் நியூகாசிலிற் சிறைப்பட்டு உணவை மறுத்தபோது, மருத்துவர் அவரது இதயத்தைச் சோதித்தார். நோயுண்டெனக் கூறி விடுவித்தனர். 1910 சனவரியில் அவரே மலிவான ஆடை அணிந்து, ஜேன் வோட்டன் என்னும் தையற்காரியாக லிவர்பூலிற் கைதானார். இம்முறை இதயத்தைச் சோதியாமலே உணவூட்டத் தொடங்கினர். எட்டுத் தடவை அது நிகழ்ந்தது. அவர் யாரென வெளிப்பட்டதும் விடுதலை கிடைத்தது. உடலும் நோயும் முன்னிருந்தவையே. மாறியது வர்க்க அடையாளம். 1912இற் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த நிலையில், இடக்கையால் எழுதி 1914இல் தம் சிறையனுபவ நூலை வெளியிட்டார்.

இவரது தந்தையார் 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ரோயாக இருந்தவர் என்பது மனங்கொளத்தக்கது. அக்காலத்திலேயே சென்னை மாகாணத்திற் பெரும்பஞ்சம் நிலவியது. 1877இல் நிவாரண வேலையாளின் நாட்கூலி, ஓர் இறாத்தல் தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைக்கப்பட்டது. அப்பஞ்சத்துக்குத் தப்பி நமது மலையகத்தின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் பலர். குடியேற்ற நாட்டில் உணவைச் சுருக்கிய அதே ஆளும் வர்க்கம், தன் நாட்டுச் சிறைகளில் அதனைத் திணித்தது. இரண்டுமே பிறர் உடலின்மீது அது கொண்டாடிய உரிமையின் வெளிப்பாடுகளாம்.

1918இன் சட்டம், 30 வயது நிரம்பிச் சொத்துத் தகைமையும் உடைய பெண்களுக்கே வாக்களித்தது. போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம் பெண்கள் 1928வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லிற்றனின் துணிவை இது குறைப்பதன்று. எனினும், உழைப்பாளிப் பெண் சிறையில் எவ்வாறு நடத்தப்பட்டாள் என்பதை உலகம் நம்புவதற்கு ஒரு சீமாட்டி அவளாக வேடமிட வேண்டியிருந்தது. ஆகவே உடலைக் கொண்டு நிகழ்த்தப்படும் எப்போராட்டத்தை ஆராயும்போதும், அது எவ்வர்க்கத்தவரின் உடல் என்ற வினாவை நாம் முதலில் எழுப்புதல் வேண்டும்.