எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

போன மாதம் என் பேரன் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாத்தா, இந்த பாஸ் பெட்டி எந்தப் பக்கம் பார்த்தா நல்லாருக்கும்?" என்று கேட்டான். சப்வூஃபர் என்கிறார்களே, அதுதான். என் கவலை வேறு. பெட்டி உள்ளே போனால் அவன் பாட்டியின் சக்கர நாற்காலியை எங்கே வைப்பது?

ஆனாலும் அந்தக் கேள்வி என்னை 1964-க்குக் கொண்டுபோய்விட்டது. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இரண்டு ஆண்டு கழித்து சட்டமன்றத் தேர்தல். நான் பள்ளிச் சிறுவன். கார் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒன்று முன்னால் பார்க்கும், ஒன்று பின்னால். நம் ஊர் வீதிகள்தான் கோடு போட்டது போல நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டிக்கொள்பவை ஆயிற்றே. குழாய் பார்க்கும் வீதியில் காது கிழியும். பக்கத்து வீதியில் முணுமுணுப்புதான். அதனால் சந்திப்பு வந்ததும் மைக் செட்காரர் இறங்கி, குழாயைக் குறுக்கு வீதிப் பக்கம் திருப்புவார். பின்னால் ஓடிய எங்களுக்கு அதுவே ஒரு வேடிக்கை.

இந்தக் குழாயின் பிறப்பு அமெரிக்காவில். கலிஃபோர்னியாவின் நாபா ஊரில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் 1915-ல் செய்து காட்டினார்கள். 'மேக்னவாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1919-ல் ஜனாதிபதி வில்சன் சான் டியேகோவில் பெருங்கூட்டத்தில் பேசியது இதன் வழியாகத்தான். நம் நாட்டில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு மோட்வானே குடும்பத்தின் 'சிகாகோ ரேடியோ' ஒலிபெருக்கி கொடுத்தது. காந்தி, நேரு படங்களில் மைக்கின் மேல் அந்தப் பெயரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குழாயில் பேச்சு தெளிவாகக் கேட்கும், மத்தளம் கேட்காது. அடிநாதத்துக்குப் பெரிய காகிதக் கூம்பும் பெட்டியும் வேண்டும். பழைய பெட்டிகள் பீரோ அளவு. 1954-ல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டியைச் செய்தார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் போல வேலை செய்யும். அதே ஆண்டு நவம்பர் 1-ல்தான் பிரெஞ்சுக்காரர் நம் ஊர் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவில் நிற்கின்றன.

சரி, திசைக்கு வருவோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 17 சென்டிமீட்டர். ஒன்றரை அடி வாய் உள்ள குழாய் அதைப் பிடித்து ஒரு பக்கமாக அனுப்பிவிடும். 50 ஹெர்ட்ஸ் பாஸின் அலையோ கிட்டத்தட்ட 7 மீட்டர். காரே 4 மீட்டர்தான். அந்த அலைக்கு முன் ஏது, பின் ஏது? எங்கிருந்து வருகிறது என்று காதுக்கும் தெரியாது. ஆனால் டிக்கிச் சுவரில் முட்டித் திரும்பும் அலை, நேரே வரும் அலையோடு சேர்ந்தால் பாஸ் கூடும், இடித்துக்கொண்டால் குறையும். அது காருக்குக் கார் மாறும்.

ஒரே பாட்டைப் போட்டு மூன்று விதமாகவும் வைத்துப் பார்த்தோம். சீட்டைப் பார்த்து வைத்தபோது சத்தம் மெலிந்தது. மேலே பார்த்தபோது பரவாயில்லை, ஆனால் அதன்மேல் எதையும் வைக்க முடியாது. பின்கதவைப் பார்த்தபோதுதான் நிறைவாக இருந்தது. மூடிய சிறு பெட்டியாக வாங்கி, கூம்புக்கு இரும்பு வலை போட்டு, சீட்டு முதுகோடு மூலையில் இறுகக் கட்டினான். மடக்கிய நாற்காலியும் பக்கத்தில் அடங்கிவிட்டது. வில்ச்சருக்கு என் நன்றி.

பேரனிடம் இன்னொன்றும் சொன்னேன். அந்தக் காலக் குழாய்க்கு ஜன்னலைச் சாத்தினால் போதும். பாஸ் சுவரைத் தாண்டி உள்ளே வரும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பெட்டி எந்தப் பக்கம் பார்த்தாலும், தெருவில் தூங்குகிறவர்களுக்கு உதவுவது வால்யூம் குமிழ் ஒன்றுதான். இப்போது தெருமுனை வந்ததும் அவன் குறைத்துவிடுகிறான். பாட்டி பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிறாள்.